சரக்கின் இடத்தில் குடித்தனம்

பிரான்ஸ் நாட்டின் கால்வாய்களிலும் ஆறுகளிலும் நிலக்கரி, மணல், கோதுமை போன்றவற்றைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்துவந்த ‘பெனிஷ்’ என்னும் தட்டையடிச் சரக்குப் படகுகளின் நீள அகலங்கள், 1879ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் நாள் நிறைவேறிய ஒரு சட்டத்தால் வரையறுக்கப்பட்டவை. அப்போது பொதுப்பணித் துறை அமைச்சராக இருந்த ஷார்ல் த ஃபிரேசினே, நாட்டின் முதன்மைக் கால்வாய்களில் உள்ள ‘லாக்’ எனப்படும் நீர்ப்பூட்டுகள் ஒரே அளவில், அதாவது சுமார் 39 மீட்டர் நீளமும் 5.20 மீட்டர் அகலமும் உடையனவாக அமைய வேண்டும் என்று வகுத்தார். நீர்ப்பூட்டு என்பது இரு முனைகளிலும் கதவு கொண்ட ஒரு கல்தொட்டி. மேட்டுக்கோ பள்ளத்துக்கோ செல்லவேண்டிய படகை உள்ளே நிறுத்திக் கதவை அடைத்து, நீரைப் பெருக்கியோ வடித்தோ அடுத்த மட்டத்தில் கொண்டுசேர்ப்பது அதன் வேலை. அந்தத் தொட்டிக்குள் அடங்கும் மிகப் பெரிய படகே மிக அதிக வருவாய் தரும் படகு என்பதால், 38.5 மீட்டர் நீளமும் 5.05 மீட்டர் அகலமும் கொண்ட படகுகள் ஒரே அச்சில் வார்த்தாற்போல் கட்டப்பட்டன. நீர்ப்பூட்டுக்குள் அத்தகைய படகு நுழையும்போது இரு பக்கமும் மிஞ்சுகிற இடைவெளி ஏழரை சென்டிமீட்டர், ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அகலம்.

இப்படகுகள் 1.8 மீட்டர் ஆழம் நீரில் அமிழ்ந்து சுமார் 250 டன் சரக்கைச் சுமந்தன. தொடக்கத்தில் கரையோரப் பாதையில் நடந்த குதிரைகளும் மனிதர்களும் இவற்றைக் கயிறு கட்டி இழுத்தனர். இருபதாம் நூற்றாண்டில் டீசல் எஞ்சின் வந்து அந்த உழைப்பை ஏற்றுக்கொண்டது. படகோட்டியின் குடும்பம் பின்முனையில் அமைந்த சிறிய அறையில் சமைத்து உறங்கி, பிள்ளைகளையும் அங்கேயே வளர்த்தது. படகின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்ட சரக்கறை முழுவதும் பிறருடைய பொருளுக்கு உரியதாக இருந்தது. லாரிகளும் ரயில்களும், ஆயிரக்கணக்கான டன் சுமக்கும் பெரிய ஆற்றுக் கப்பல்களும் பெருகியபோது இந்தச் சிறு படகுகள் தொழிலை இழந்தன. பழைய படகை உடைத்துவிடுவோருக்கு அரசே ஊக்கத்தொகை கொடுத்த காலமும் இருந்தது. அந்த உடைப்பிலிருந்து தப்பியவற்றுள் பல இன்று சீன் ஆற்றிலும் அதன் கிளைகளிலும் வீடுகளாக மிதக்கின்றன.

பழைய படகை வீடாக்குவது தச்சுவேலையும் வண்ணப்பூச்சும் சார்ந்த பணியாகவே முதலில் தோன்றும். ஆனால் அதன் ஒவ்வொரு கட்டத்திலும் எழும் சிக்கல்களை ஆராய்ந்தால், அவற்றுள் பெரும்பாலானவை ஒரே காரணத்திலிருந்து கிளைப்பது தெரியும்: 250 டன் சரக்கைச் சுமப்பதற்கென்றே வடிவமைக்கப்பட்ட ஓர் எஃகுப் பெட்டி அந்தச் சரக்கை இழந்துவிட்டது. மிதப்பு, வெப்பம், ஈரம், அரிமானம் ஆகிய நான்கிலும் சரக்கு விட்டுச்சென்ற வெற்றிடத்தை நிரப்பும் முயற்சியே படகைப் புதுப்பிக்கும் கலை.

மிதப்பின் கணக்கு

நீரில் மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை இடம்பெயர்க்கிறது என்னும் ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தை, பள்ளிப் பாடநூலுக்கு வெளியே இத்தனை துல்லியமாகக் காட்டும் பொருள்கள் குறைவு. பெனிஷ் படகின் அடிப்பகுதி ஏறக்குறைய நீள்சதுரப் பெட்டி போன்றது. நீர்மட்டத்தில் அதன் பரப்பு சுமார் 190 சதுர மீட்டர். ஆகவே படகு ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக அமிழ்ந்தால் 1.9 கன மீட்டர் நீர், அதாவது 1.9 டன் நீர், இடம்பெயர்கிறது. இந்த எளிய உறவைக் கொண்டே படகின் பக்கங்களில் அளவுகோல் பதித்த தகடுகள் பொருத்தப்பட்டிருந்தன. நீர்மட்டம் எந்தக் கோட்டைத் தொடுகிறது என்று சரக்கு ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் பார்த்து, எத்தனை டன் நிலக்கரி ஏறியிருக்கிறது என்பதை எடைமேடை இல்லாமலே கணக்கிட்டனர்.

சரக்கு முழுவதும் இறங்கியபின் அதே படகு 1.3 மீட்டர் உயர்ந்து, ஏறத்தாழ அரை மீட்டர் ஆழத்தில் மட்டும் அமிழ்ந்து நிற்கிறது. இதனால் மூன்று இடர்கள் விளைகின்றன. பின்முனையிலுள்ள உந்துவிசிறியின் ஒரு பகுதி நீருக்கு மேலே வந்துவிடுவதால் எஞ்சினின் ஆற்றல் வீணாகிறது; நீருக்கு மேல் நிற்கும் உயரமான எஃகுச் சுவர் பாய்மரம் போலக் காற்றை வாங்கிப் படகைப் பக்கவாட்டில் தள்ளுகிறது; புதிதாகக் கட்டிய மேல்தளம் பழைய கால்வாய்ப் பாலங்களின் அடியில் இடிக்கிறது. இவற்றைத் தவிர்க்கவே ‘அடிப்பாரம்’ ஏற்றப்படுகிறது. காங்கிரீட் பாளங்கள், நடைபாதைக் கற்கள், இரும்புத் துண்டுகள் முதலியவற்றைத் தரைக்கு அடியில் பரப்பிப் படகை வேண்டிய அளவு அமிழ்த்துவதே அடிப்பாரம். படகு 20 சென்டிமீட்டர் இறங்க வேண்டுமானால் 38 டன் எடை தேவை. ஒரு குடும்பத்தின் கட்டில், அலமாரி, அடுப்பு, புத்தகம் எல்லாவற்றையும் சேர்த்தாலும் அதில் சிறு பங்குகூட ஆகாது.

வெறும் படகு எளிதில் கவிழ்ந்துவிடும் என்று பலர் எண்ணுவதுண்டு. இயற்பியலோ நேர்மாறான விடையைத் தருகிறது. சாயும் படகை மீண்டும் நிமிர்த்தும் ஆற்றல், பெட்டி வடிவப் படகுகளில் அகலத்தின் இருமடிக்கு நேர் விகிதத்திலும் அமிழும் ஆழத்துக்கு எதிர் விகிதத்திலும் அமைந்த ஓர் உயரத்தைச் சார்ந்தது. 5.05 மீட்டர் அகலமுள்ள படகு 1.8 மீட்டர் அமிழ்ந்திருக்கும்போது அந்த உயரம் ஏறக்குறைய 1.2 மீட்டர், 60 சென்டிமீட்டர் மட்டுமே அமிழ்ந்திருக்கும்போது 3.5 மீட்டர். எனவே பாரமற்ற படகு மிக விறைப்பாக நிற்கிறது. பக்கத்தில் ஒரு கப்பல் எழுப்பும் அலை பட்டதும் வெடுக்கென்று சாய்ந்து வெடுக்கென்று நிமிர்கிறது. அடிப்பாரம் ஏற்றிய படகு அதே அலையில் மெதுவாக அசைந்து மெதுவாக அடங்குகிறது. உறங்குவோருக்கும் அலமாரியில் இருக்கும் கண்ணாடிக் கோப்பைகளுக்கும் அந்த மென்மையான அசைவே உகந்தது.

எடையின் அளவைப் போலவே அதன் இடமும் முக்கியமானது. சுமார் 110 டன் எடையுள்ள வீட்டுப் படகில் ஒரு டன் பொருளை நடுவிலிருந்து 2 மீட்டர் பக்கவாட்டில் நகர்த்தினால் படகு ஏறத்தாழ அரை டிகிரி சாய்கிறது. கேட்பதற்குச் சிறிதாக இருந்தாலும், ஐந்து மீட்டர் அகலத்தில் இடது ஓரத்துக்கும் வலது ஓரத்துக்கும் இடையே அது நான்கு ஐந்து சென்டிமீட்டர் ஏற்றத்தாழ்வாகிறது. அடுப்பில் வைத்த வாணலியின் எண்ணெய் ஒரு பக்கமாகவே ஒதுங்கும். குளியலறைத் தரையின் நீர் வடிகுழியை விட்டு எதிர்மூலைக்கு ஓடும். திறந்த அறைக்கதவு தானாக மூடிக்கொள்ளும். ஆகவே சமையலறை, நீர்த்தொட்டி, மின்கல வரிசை ஆகியவை எங்கே அமைய வேண்டும் என்பதை வரைபடத்திலேயே நிறுத்துப் பார்த்து முடிவு செய்கிறார்கள். எஞ்சின் இருக்கும் பின்முனை இயல்பாகவே கனமாக இருப்பதால், குடிநீர்த் தொட்டி பெரும்பாலும் அணியம் என்று மீனவர்கள் சொல்லும் முன்முனையை ஒட்டி வைக்கப்படுகிறது.

தகட்டின் வயது

மிதப்புக் கணக்கு சரியாக அமைவதற்கு அடிப்படை, நீரை வெளியே நிறுத்தும் எஃகுத் தகடு. ஐந்து முதல் எட்டு மில்லிமீட்டர் தடிப்பில் தொடங்கிய தகடு பல பத்தாண்டுகள் நீரில் கிடந்தபின் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்து அறிய முடியாது. அதனால் படகை வாங்குமுன் அதனை உலர்துறைக்குள், அதாவது படகை உள்ளே விட்டு நீரை வடித்துவிடும் தொட்டிக்குள், கொண்டுசென்று அடிப்பகுதியைச் சுரண்டிக் கழுவி, புறவொலிக் கருவியால் அளக்கிறார்கள். கருவியின் முனை தகட்டைத் தொட்டதும் செவிக்கு எட்டாத ஒலித்துடிப்பு ஒன்று எஃகினுள் வினாடிக்கு சுமார் 5,900 மீட்டர் வேகத்தில் சென்று, தகட்டின் மறுபக்கத்தில் மோதித் திரும்புகிறது. 5 மில்லிமீட்டர் தகட்டில் அந்தப் பயணம் ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் இரு பங்குக்கும் குறைவான நேரத்தில் முடிந்துவிட, அந்த நேரத்திலிருந்து தடிப்பு கணக்கிடப்படுகிறது. தகட்டின் வெளிப்பக்கத்தை மட்டும் தொட்டு உட்பக்கத்தின் தேய்மானத்தையும் சேர்த்து அறிய இம்முறை உதவுகிறது. தடிப்பு 4 மில்லிமீட்டருக்குக் கீழே போன இடங்களைக் காப்பீட்டு நிறுவனங்கள் பொதுவாக ஏற்பதில்லை.

இரும்பு துருப்பிடிப்பது ஒரு மின்வேதி நிகழ்வு. தகட்டின் ஒரு புள்ளியில் இரும்பு அணுக்கள் எலெக்ட்ரான்களை இழந்து நீரில் கரைய, அந்த எலெக்ட்ரான்கள் உலோகத்தின் வழியே மற்றொரு புள்ளிக்குச் சென்று அங்குள்ள ஆக்சிஜனோடும் நீரோடும் வினைபுரிகின்றன. நீரும் ஆக்சிஜனும் சேர்ந்து கிடைக்கும் இடமே இதற்கு ஏற்றது என்பதால், எப்போதும் மூழ்கியிருக்கும் அடித்தகட்டைவிட, நனைந்தும் உலர்ந்தும் மாறிமாறி இருக்கும் நீர்மட்டக் கோட்டில் தேய்மானம் கூடுதலாக இருக்கும். நன்னீரில் சீராகப் பரவும் துரு ஆண்டுக்கு மில்லிமீட்டரின் மிகச் சிறு பங்கையே தின்கிறது. ஆபத்து குழியரிப்பில் இருக்கிறது. சுற்றியுள்ள தகடு நலமாக இருக்க, ஒரே புள்ளியில் ஊசி குத்தினாற்போல் ஆழமாக இறங்குவது அது.

உள்ளிருந்து வரும் அரிப்பு இன்னும் வஞ்சகமானது. சரக்கு ஏற்றி இறக்கிய நாட்களில் சரக்கறையின் அடித்தளம் அடிக்கடி வெளிச்சத்துக்கு வந்தது; கூட்டிப் பெருக்கவும் பழுது பார்க்கவும் வாய்ப்பிருந்தது. வீடான பிறகு அதே இடம் அடிப்பாரக் கற்களுக்கும் மரத்தரைக்கும் அடியில் மறைந்துவிட, குளியலறைக் குழாயில் ஒழுகும் சில சொட்டு நீர் அங்கே தேங்கி ஆண்டுக்கணக்கில் தகட்டைத் தின்னக்கூடும். எனவே அனுபவமுள்ள கைவினைஞர்கள் காங்கிரீட்டைக் குழம்பாகக் கொட்டி உறையவிடுவதைத் தவிர்த்து, ஒருவர் தூக்கக்கூடிய அளவில் பாளங்களாக அடுக்குகிறார்கள். தரையிலும் ஆங்காங்கே திறந்து பார்க்கும் மூடிகளை விடுகிறார்கள்.

மெலிந்த தகட்டைச் சரிசெய்ய இரு வழிகள் உண்டு. கெட்ட பகுதியை வெட்டியெடுத்துப் புதுத்தகடு பற்றவைப்பது ஒன்று. பழைய தகட்டின்மேல் புதிய தகட்டைப் போர்த்திப் பற்றவைப்பது மற்றொன்று. இரண்டாவது மலிவானது என்றாலும், அதற்கு எடை என்னும் விலை உண்டு. அடிப்பகுதி முழுவதும் 5 மில்லிமீட்டர் தகடு போர்த்தினால் ஏறக்குறைய ஒரு கன மீட்டர் எஃகு, அதாவது சுமார் 7.5 டன், கூடுகிறது. படகு நான்கு சென்டிமீட்டர் இறங்குகிறது. இரு தகடுகளுக்கிடையே நீர் புகுந்துவிட்டால் அங்கே நடக்கும் அரிப்பைக் காண்பதும் கடினம்.

கரையோடு பிணைக்கும் கம்பி

இரும்பின் கரைவை வேறோர் உலோகத்தின்மேல் திருப்பிவிடலாம் என்பது பொறியியலாளர்கள் கண்ட உபாயம். இரும்பைவிட எளிதில் எலெக்ட்ரான்களை இழக்கும் உலோகக் கட்டி ஒன்றைப் படகின் அடியில் பொருத்தினால், அது நேர்மின்வாயாகச் செயல்பட்டு முதலில் கரைந்து தகட்டைக் காக்கிறது. கடல்நீரில் இதற்குத் துத்தநாகம் போதுமானது. உப்பற்ற ஆற்றுநீர் மின்சாரத்தைக் குறைவாகவே கடத்துவதால், மேலும் வலுவான மின்னழுத்த வேறுபாட்டைத் தரும் மக்னீசியம் அங்கே தேவைப்படுகிறது. கடலிலிருந்து ஆற்றுக்கு வந்த படகில் பழைய துத்தநாகக் கட்டிகள் தேயாமல் புதிதுபோல் இருந்தால், அவை நன்னீரில் தம் காவல் பணியைச் செய்யவில்லை என்பதற்கு அதுவே அடையாளம்.

படகு வீடாகிக் கரையில் நிலைகொண்டதும் புதிய சிக்கல் ஒன்று எழுகிறது. கரையிலிருந்து மின்சாரம் கொண்டுவரும் வடத்தில், மின்னதிர்ச்சியிலிருந்து உயிரைக் காக்கும் புவியிணைப்புக் கம்பி ஒன்றும் இருக்கும். அக்கம்பி வழியாக அருகருகே நிற்கும் படகுகள் யாவும், கரையின் இரும்புத் தூண்களும்கூட, ஒரே மின்சுற்றில் இணைந்துவிடுகின்றன; இடையிலுள்ள ஆற்றுநீர் மின்பகுளியாகிறது. அந்நிலையில் ஒரு படகின் மக்னீசியக் கட்டி அண்டைப் படகுகளையும் காக்கும் பொறுப்பை ஏற்று விரைவில் கரைந்து தீரும். அது தீர்ந்தபின் படகின் தகடே கரையத் தொடங்கும். இதைத் தடுக்கத் தனிமைப்படுத்தும் மின்மாற்றி பொருத்தப்படுகிறது. கரையின் கம்பிச்சுருளுக்கும் படகின் கம்பிச்சுருளுக்கும் இடையே உலோகத் தொடர்பே இல்லாமல் காந்தப்புலத்தின் வழியாக மட்டும் ஆற்றலைக் கடத்துவதால், மின்சாரம் வீட்டுக்குள் வருகிறது; அரிமான மின்னோட்டத்துக்குப் பாதை அடைபட்டுவிடுகிறது.

வியர்க்கும் சுவர்

நிலக்கரிக்குக் குளிரும் இல்லை, மூச்சும் இல்லை. மனிதர் குடியேறியதும் சரக்கறையின் காற்று மாறிவிடுகிறது. மூச்சு, சமையல், குளியல், துணி உலர்த்தல் ஆகியவற்றால் நால்வர் வாழும் வீட்டில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 10 லிட்டர் நீர் ஆவியாகக் காற்றில் கலக்கிறது. 20 டிகிரி வெப்பமும் 60 விழுக்காடு ஒப்பு ஈரப்பதமும் உள்ள காற்று 12 டிகிரிக்குக் குளிர்ந்தால் அதிலுள்ள ஆவி நீர்த்துளியாகிவிடும். அந்த வெப்பநிலைக்குப் பனிநிலை என்று பெயர். குளிர்காலத்தில் ஆற்றுநீரைத் தொட்டிருக்கும் எஃகுத் தகடு ஐந்தாறு டிகிரியில் இருப்பதால், அதைத் தொடும் வீட்டுக்காற்று அனைத்தும் பனிநிலைக்குக் கீழே இறங்கிச் சுவரில் வியர்வையாய் வழிகிறது. அந்த நீர் மரப்பலகைக்குப் பின்னால் இறங்கிப் படகின் அடியில் தேங்க, மீண்டும் உள்ளரிப்பு தொடங்குகிறது.

ஆகவே வெப்பக்காப்பு என்பது சொகுசைக் கடந்து படகின் ஆயுளோடு தொடர்புடையதாகிறது. கண்ணாடிக் கம்பளி போன்ற இழைப்பொருள்கள் ஈரக்காற்றைத் தம்முள் ஊடுருவ விடுவதால், அவற்றுக்குப் பின்னாலுள்ள தகடு தொடர்ந்து வியர்க்கும். மூடிய நுண்குமிழிகள் கொண்ட பாலியூரித்தேன் நுரையைத் தகட்டின்மேல் நேரடியாகத் தெளித்தால், அது உலோகத்தோடு ஒட்டிக்கொண்டு காற்றுக்கு இடைவெளியே விடுவதில்லை. எஃகைவிட அது சுமார் 2,000 மடங்கு குறைவாகவே வெப்பத்தைக் கடத்துகிறது. ஐந்து சென்டிமீட்டர் நுரை செய்யும் தடுப்பை எஃகால் செய்ய வேண்டுமானால் நூறு மீட்டர் தடிப்புள்ள சுவர் எழுப்ப வேண்டியிருக்கும். விலா எலும்புகள்போல் சுவரிலிருந்து நீளும் சட்டங்களை நுரைக்கு வெளியே விட்டுவிட்டால், அவை குளிரை உள்ளே கடத்தும் பாலங்களாகிவிடும் என்பதால் அவற்றையும் போர்த்த வேண்டும். நுரை எளிதில் தீப்பற்றக்கூடியது; பற்றவைப்பு வேலைகள் அனைத்தையும் முடித்த பின்னரே அதைத் தெளிக்க வேண்டும் என்னும் வரிசை, உயிர்காக்கும் வரிசையாகும்.

காற்றுப்புகா எஃகுப் பெட்டியில் மற்றோர் எச்சரிக்கையும் தேவை. சமையல் வாயுவான புரோப்பேன் காற்றைப் போல் ஒன்றரை மடங்கும் பியூட்டேன் இரு மடங்கும் கனமுடையவை. தரையிலுள்ள வீட்டில் கசியும் வாயு கதவிடுக்கு வழியே வெளியேறக்கூடும். படகிலோ கீழே இறங்கிய வாயுவுக்கு வெளியேற வழியே இல்லை, அது அடிப்பகுதியில் நீர்போல் தேங்கும். அதனால் வாயு உருளைகள் மேல்தளத்தில், அடியில் துளையிட்டு வெளிப்புறம் திறந்த தனிப்பெட்டியில் வைக்கப்படுகின்றன. விறகடுப்பு உள்ள அறையில் புதுக்காற்றுத் துவாரமும், கார்பன் மோனாக்சைடை உணர்ந்து ஒலிக்கும் கருவியும் இன்றியமையாதவை.

ஆற்றின் போக்கில்

இத்தனை உழைப்புக்கும் ஈடாகக் கிடைப்பது ஆற்றோடு ஒன்றிய வாழ்க்கை. காலை வெயில் நீரில் பட்டு எதிரொளித்து அறையின் கூரையில் அசையும் வலைபோல் படர்கிறது. தாழ்ந்த சன்னல்கள் நீர்மட்டத்தைவிடச் சில சாண்களே உயர்ந்திருப்பதால், கரையோரம் அசையாமல் நிற்கும் நாரையும் சட்டென்று பாயும் மீன்கொத்தியும் கண்ணுக்கு நேராகத் தெரிகின்றன. கயிற்றை அவிழ்த்துப் பயணம் புறப்பட்டாலோ, நாள் முழுவதும் நடைவேகத்தில் கழிகிறது. குறுகிய கால்வாயில் பெரிய படகு முன்னேறும்போது, அது விலக்கும் நீர் படகுக்கும் கரைக்கும் இடையிலுள்ள இடுக்கு வழியே பின்னோக்கி விரைகிறது. விரையும் நீரின் அழுத்தம் குறைவதால் படகு அடித்தரையை நோக்கி அமிழ்கிறது. எஞ்சினை எவ்வளவு முடுக்கினாலும் மணிக்கு ஆறேழு கிலோமீட்டருக்கு மேல் செல்லவிடாமல் கால்வாயே தடுத்துவிடுகிறது.

ஆறு பொங்கும் நாட்களில் இதே வாழ்க்கை இடைவிடாத விழிப்பைக் கேட்கிறது. பாரிஸின் ஆஸ்தெர்லிட்ஸ் பாலத்தருகே உள்ள அளவுகோலில் சீன் ஆறு 1910இல் 8.62 மீட்டரையும், 2016 ஜூனில் 6.10 மீட்டரையும், 2018 ஜனவரியில் 5.85 மீட்டரையும் தொட்டது. நீர் ஏறும்போது படகும் ஏறுவதால் வீட்டுக்குள் வெள்ளம் வருவதில்லை. ஆனால் கட்டிய கயிறுகளை மணிக்கு மணி தளர்த்த வேண்டும், நடைபலகை கரையை விட்டு விலகும், கரை மூழ்கியபின் மின் இணைப்பும் குடிநீர் இணைப்பும் அறுபடும், வீட்டாரும் சிறு தோணியில் கரை சேர வேண்டியிருக்கும். வெள்ளம் வடியும் நேரம் அதைவிடக் கடுமையானது. இறங்கும் நீரில் படகின் விளிம்பு கரைச்சுவரில் மாட்டிக்கொண்டால் ஒருபக்கமாகத் தொங்கிச் சாயும்.

இந்த இடரை வரலாற்றுப் புகழ்பெற்ற ஒரு படகே அனுபவித்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் எஃகுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது காங்கிரீட்டால் கட்டப்பட்டு, ரூவான் நகரிலிருந்து பாரிஸுக்கு நிலக்கரி கொண்டுவந்த ‘லியேஜ்’ என்னும் படகை, கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே 1929இல் சால்வேஷன் ஆர்மி அமைப்புக்காக வீடற்றோர் தங்கும் விடுதியாக மாற்றியமைத்தார். ‘லூயிஸ்-கத்தரீன்’ என்று பெயர் மாற்றப்பட்ட அந்தப் படகு 1994 வரை பலருக்கு இரவுப் புகலிடமாக இருந்து, 2008இல் வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 2018 பிப்ரவரியில் சீன் ஆற்றின் வெள்ளம் வடிந்துகொண்டிருந்த வேளையில் அது மூழ்கிப்போனது. இரண்டரை ஆண்டுகளுக்குப் பின், 2020 அக்டோபரில், மீண்டும் மிதக்கவைக்கப்பட்டது. படகுவீட்டுக்கு வெள்ளமும் அதன் வடிதலும் ஒன்றுபோல் சோதனைகளே என்பதை இதைவிட வலுவாகச் சொல்லும் சான்று வேண்டியதில்லை.

ஆறு வீட்டைத் தாங்குவதுபோல் வீடும் ஆற்றைக் காக்க வேண்டும் என்னும் எண்ணமும் அண்மைக்காலத்தில் சட்டமாகியிருக்கிறது. பாரிஸில் கரையோரம் நிலைகொண்ட படகுகள் தம் கழிவுநீரை நகரின் சாக்கடை வலையமைப்பில் சேர்க்க வேண்டும் என்று, 2024 ஒலிம்பிக் போட்டிகளுக்காக 2018இல் இயற்றப்பட்ட சட்டம் விதித்தது. 1923 முதல் சீன் ஆற்றில் குளிப்பதற்கு இருந்த தடை நீங்கி, 2025 கோடையில் பொதுமக்களுக்கென நீச்சல் இடங்கள் திறக்கப்பட்டதில் அந்த ஏற்பாட்டுக்கும் பங்குண்டு.

இவ்வாறு புதுப்பித்த படகும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உலர்துறைக்குத் திரும்பி, சுரண்டி அளந்து கருநிறக் காப்புப்பூச்சு பூசிக்கொண்டுதான் மீண்டும் ஆற்றுக்கு வருகிறது. அப்படி வரும் படகுகள் சிலவற்றின் பக்கத்தில், பூச்சுக்கு அடியில் மழுங்கிப்போன பழைய அளவுகோல் தகட்டை இன்றும் காணலாம். இரண்டாயிரம் லிட்டர் குடிநீர் நிரப்பியதும் நீர்மட்டம் அதில் ஒரு சென்டிமீட்டர் ஏறுகிறது. குளிர்காலத்துக்கென விறகு அடுக்கியபின் இன்னும் சிறிது ஏறுகிறது. நீர் தீர்ந்து விறகு எரிந்து முடிந்த வசந்தத்தில் மெல்ல இறங்குகிறது. முன்பு நிலக்கரியின் டன்களை வணிகருக்குச் சொன்ன அதே கோடுகள், இன்று ஒரு குடும்பம் வாழும் வாழ்வின் எடையை அதே நேர்மையுடன் ஆற்றில் குறித்துக்கொண்டிருக்கின்றன.